மூடிய லீக் யாரையும் காப்பாற்றவில்லை

சென்ற இதழில் இந்தியன் சூப்பர் லீக்கை ஆதரித்து வெளியான கட்டுரையின் சாரம் இதுதான்: கால்பந்தில் கோடிகளைப் போடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், ஆகவே கடைசி இடத்தில் வரும் அணியைக் கீழே இறக்கக் கூடாது, கீழ் லீக்கில் ஜெயித்த அணியை மேலே ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதற்கு நம் ஆரணித் தறியையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார் கட்டுரையாளர். பட்டும் ஜரிகையும் வாங்கிக் கொடுக்கிற முதலாளிதான் என்ன டிசைன், எத்தனை சேலை என்று முடிவு செய்கிறார், நெசவாளி இல்லை. லீக்கும் அப்படித்தான் நடக்க முடியும் என்கிறார்.

இந்த ஊர்க்காரர் எழுதுகிற வாதமா இது? முதலாளி கொடுக்கும் பாவை நெய்து கூலி வாங்குகிறவன் காலம் முழுக்கக் கூலிக்காரனாகவே கிடக்கக் கூடாது என்றுதானே கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன? பங்குத்தொகை கட்டி உறுப்பினரான நெசவாளி கொண்டுவரும் சேலையை விரித்து, எடை போட்டு, இழை அறுந்த இடம் இருக்கிறதா, கரை நேராக ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நெசவு சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய முதலாளியின் சரக்கும் கடையில் தேங்கத்தான் செய்யும். தறியைச் சாட்சிக்கு அழைத்தால் அது கட்டுரையாளருக்கு எதிராகத்தான் பேசும்.

அவர் சொல்லும் பாதுகாப்பு எதைக் காப்பாற்றியது என்று பார்ப்போம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு எழுதிக் கொடுத்தது. 2014இல் 8 அணிகளோடு சூப்பர் லீக் தொடங்கியது. முதல் பருவத்தில் மைதானங்களுக்குக் கூட்டம் திரண்டு வந்தது உண்மை. சென்னையின் எஃப்சி இரண்டு முறை கோப்பை வென்றபோது நானும் கொண்டாடியவன்தான். ஆனால் ஓர் அணிகூடக் கீழே இறக்கப்படாத அந்த லீக்கில்தான் புனே சிட்டி 2019இல் காணாமல் போனது. அதே ஆண்டு டெல்லி டைனமோஸ் மூட்டை கட்டிக்கொண்டு புவனேசுவரம் போய் ஒடிசா எஃப்சி ஆனது. ஹைதராபாத் எஃப்சி 2022 மார்ச்சில் சாம்பியன். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி ஃபிஃபா வரை போனது, புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விழுந்தது, 2025இல் அந்த அணியும் டெல்லிக்கு இடம் மாறிப் பெயரை இழந்தது. களத்தில் தோற்று இறங்கியிருந்தால் இவற்றுக்கு ஊரும் பெயருமாவது மிஞ்சியிருக்கும்.

ரிலையன்ஸோடு போட்ட அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடியப் போகிறது என்றதும் 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி வேலைகளை முடக்கியது. நவம்பர் 7 வரை காத்திருந்தும் லீக்கை நடத்த ஒருவரும் டெண்டர் போடவில்லை. கடைசியில் அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரி 14 அன்றுதான் 14 அணிகளோடு பருவம் தொடங்கியது. முதலாளிகளின் பாதுகாப்புக்காகவே கட்டிய லீக், அவர்கள் கை விலக்கியதும் நின்றுபோனது. இதையா நமக்கு மாதிரியாகக் காட்டுகிறார்?

தமிழனுக்குக் கால்பந்து புரியாது, சிறிய ஊர்களில் கூட்டம் வராது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் நடந்ததை அவர் மறந்துவிட்டார் போலும். சூப்பர் லீக்கோடு சேராமல் தனியாக நடந்த ஐ லீக்கின் கடைசி நாள். ஜெயித்தால், கோவையைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணிக்குக் கோப்பை. தவறினால் ஈஸ்ட் பெங்கால் முந்திவிடக்கூடும். அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே எதிரணி மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனாலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 43க்கு 42 என்று, நாட்டின் பழம்பெரும் அணியைப் பின்னுக்குத் தள்ளியது நம் அணி. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். எட்வின் சிட்னி வான்ஸ்பாலைப் போன்ற தமிழ்ப் பையன்கள் ஆடிய அணி. அவர்களுக்கு மேலே போகும் வழி திறந்ததா? இல்லை. 2021க்குப் பிறகு ஐ லீக்கில் அந்த அணியே இல்லை. சென்னை சிட்டியும் களத்தில் ஏறி வராமல் நேரடி அனுமதியில்தான் ஐ லீக்குக்குள் வந்தது என்று அவர் சொல்லலாம். வந்தது உண்மை. கோப்பையை யாரும் அனுமதியாகக் கொடுக்கவில்லையே!

இதைவிடக் கொடுமை ஐஸாலுக்கு நடந்தது. 2016-17இல் ஐ லீக்கை வென்றது மிசோரமின் ஐஸால் எஃப்சி. அதே 2017இல் சூப்பர் லீக் இரண்டு அணிகளைப் புதிதாகச் சேர்த்தது. ஒன்று பெங்களூரு. மற்றொன்று அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிராத ஜாம்ஷெட்பூர். சாம்பியன் வெளியே நின்றது. பிற்பாடு கோகுலம் கேரளா அடுத்தடுத்து இரண்டு முறை ஐ லீக்கை வென்றும் வெளியேதான் நின்றது. 2022-23 சாம்பியன் பஞ்சாபுக்குத்தான் முதன்முதலாக வழி விட்டார்கள். 2024-25இலிருந்து கீழிறக்கமும் இருக்கும் என்று 2019இலேயே திட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் கடைசி இடம் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு. ஆனால் யாரும் இறங்கவில்லை.

அமெரிக்காவைப் பார் என்கிறார். அமெரிக்க லீக்கும் மூடியதுதான். ஆனால் அங்கே ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமே லீக்கின் கையில் இருக்கிறது. உரிமையாளர்கள் எல்லோரும் லீக்கின் பங்காளிகள். இங்கே 2025இல் ஒப்பந்தம் முடியும்வரை லீக்கின் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது, நஷ்டம் அணிகளிடம் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது படிக்கிறவரை ஏமாற்றுவது.

ஆசியாவிலேயே ஜப்பான் இருக்கிறதே! ஜே லீக் 1993இல் 10 அணிகளோடு தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் அதிலும் கீழிறக்கம் இல்லை. ஆனால் 1999இல் இரண்டாம் பிரிவை உண்டாக்கி, ஏறவும் இறங்கவும் வழி வைத்தார்கள். இன்று மூன்று பிரிவுகளில் 60 அணிகள். அதில் காஷிமா என்ற ஊர் லட்சம் மக்கள்கூட இல்லாத ஊர், நம் ஆரணியைப் போல. அந்த ஊர் அணிதான் 2025இலும் சாம்பியன். இங்கேயோ, 2025 அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பையே இழந்தோம்.

ஆரணிப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கட்டுரையை முடித்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை. மாலையில் கோட்டை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். அப்பா தறியில் இருக்கும் பையன்கள் வெறுங்காலோடு பந்தை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சேரும் அணி மாநில லீக்கில் ஜெயித்தால் தேசிய லீக்குகளின் அடிப்படிக்குப் போகலாம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினால் மேலே சூப்பர் லீக். ஏட்டில் இந்தப் படிகள் எல்லாம் இருக்கின்றன. மேல்படியைத் திறப்பதும் மூடுவதும் முதலாளிகளின் விருப்பம் என்று அவர் சொல்கிறார். முதலிடத்தில் வந்த அணி ஏறட்டும், கடைசியில் வந்த அணி இறங்கட்டும், இந்தப் பருவத்திலிருந்தே.