மண்ணைக் கேட்டீர்களா?

கழிப்பறை கட்டினோம், கட்டினோம் என்று ஆளவந்தோர் கணக்குக் காட்டுகின்றனர். 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் எண்ணிக்கை மேடைதோறும் முழங்கிற்று. நன்று. ஆனால், பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களிலே செப்டிக் தொட்டியிலிருந்து வழியும் நீரை மண் ஏற்குமா என்று யார் பார்த்தார்?

மணல் விரைந்து உறிஞ்சும். களிமண் முரண்டு பிடிக்கும். இதை அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. குழி தோண்டி, நீர் ஊற்றி, இரவு முழுதும் மண்ணை ஊறவிட வேண்டும். மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்க்கவேண்டும். 60 நிமிடத்துக்கு மேலானால் உறிஞ்சுகுழி உதவாது; வேறு வழி தேடவேண்டும். இந்தியத் தர விதிகள் சொல்வதும் இதுதான்.

பார்க்காமல் கட்டினால்? குழி நிரம்பும், தொட்டி பொங்கும், அள்ளுவதற்கு ஓர் ஏழையை உள்ளே இறக்குவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. சாக்கடைக் குழியில் மாண்டோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாம் கேட்பது பிணத்துக்கு விலையல்ல, உயிருக்குக் காவல்!

வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும் ஊராட்சியும் நகராட்சியும் மண் சோதனைக் குறிப்பையும் கேட்டு வாங்கட்டும். செலவு ஒரு மண்வெட்டி, சில குடம் தண்ணீர், ஒருநாள் பொழுது. இதற்கும் நிதியில்லை என்பரோ?