ஒயரை விற்போம், கதையை விற்க வேண்டாம்



மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் இதழில் ஸ்பீக்கர் ஒயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஆரம்பாக்கம் கடைவீதியில் பருப்பும் புளியும் விற்கிற கடையிலேயே ஒரு பக்க அலமாரியில் பல்பு, சுவிட்சு, பிளக்கு, ஒயர்ச் சுருள் எல்லாம் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனஸ் வந்ததும் வாங்குகிற பொருள்களில் பாட்டுக் கேட்கும் செட்டும் ஒன்று. செட்டைப் பட்டணத்திலோ போன் வழியாகவோ வாங்கி விடுகிறார்கள். ஒயர் போதாதபோதுதான் நம் கடை வாசலுக்கு வருகிறார்கள். அப்போது நாம் என்ன சொல்லி விற்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்ற தீபாவளி முடிந்த சில நாளில், எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரிடம் அப்படி ஒரு தம்பி வந்தார். கையில் பாம்புபோல் தடித்த, வலை போர்த்திய ஒரு ஜோடி ஒயர். பட்டணத்துக் கடை ஒன்றில் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. "இதைப் போட்டால் பேஸ் நன்றாகக் கேட்கும் என்றார்கள் அண்ணா. போட்டுப் பார்த்தேன், முன்னைப்போலவே சப்பென்றுதான் இருக்கிறது. இதைவிட நல்ல ஒயர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி இன்னொரு சுருளைத் தலையில் கட்ட அது நல்ல சமயம். நம் உறுப்பினர் அப்படிச் செய்யவில்லை. கடை மூடியபின் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். இடது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால், கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றி முடுக்கினார், இரண்டு நிமிட வேலை. பாட்டு சரியாகிவிட்டது. ஆறாயிரம் ரூபாய் ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியோடு வந்த பழைய ஒயரைப் போட்டும் காட்டினார். அந்தத் தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். போனஸில் ஆறாயிரம் என்பது சின்னத் தொகையா?

இதைக் கேள்விப்பட்டதும் நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பேர் கூடி, கேட்டுப் பார்த்தே விடுவோம் என்று உட்கார்ந்தோம். ஒயர்கள் மூன்று. ஒன்று அழைப்பு மணிக்குப் போடும் சன்ன ஒயர். இரண்டாவது நாம் அன்றாடம் வெட்டிக் கொடுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர். மூன்றாவது அந்த ஆறாயிரம் ரூபாய்ச் சாமான். ஆம்ப்ளிபயருக்கு முன்னே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே ஒருவர் எந்த ஒயரை மாட்டுகிறார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி செய்தோம். பத்து மீட்டர் நீளத்துக்குச் சன்ன ஒயரைப் போட்டபோது எல்லோரும் பிடித்துவிட்டோம். சத்தமே சோர்ந்துபோய் வந்தது. மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னோம். காசைச் சுண்டிப் பார்த்துப் பூவா தலையா என்று சொல்லியிருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். இதில் வேடிக்கை, போர்வை கட்டுவதற்கு முன் "விலைக்குத் தகுந்த இனிமை இருக்கத்தான் செய்கிறது" என்று அடித்துப் பேசியது நம்மில் ஒருவர்தான்.

நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அமெரிக்காவில் ஸ்டீரியோ ரிவியூ என்ற பத்திரிகை 1983ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறது. பாட்டை ஒலிக்கவிட்டபோது, சாதாரண 16 கேஜ் ஒயருக்கும் விலை உயர்ந்த தடித்த ஒயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டவர்களால் நம்பும்படியாகச் சொல்ல முடியவில்லை. 24 கேஜ் சன்ன ஒயர் மட்டும், பரிசோதனைக்கான இரைச்சல் ஒலியில் மாட்டிக்கொண்டது. 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்பவர் (மாயவித்தைக்காரர், ஏமாற்று வேலைகளை அம்பலப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்) 7,250 டாலர் விலை போட்டிருந்த ஒரு ஜோடி ஒயரைக் காட்டி, சாதாரண ஒயரிலிருந்து இதைக் காதால் மட்டும் பிரித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று பந்தயம் கட்டினார். ஒயரைத் தயாரித்தவர்கள் பின்வாங்கினார்கள். பந்தயம் நடக்காமலே போயிற்று.

ஏன் இப்படி என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். வணிகனுக்குக் கணக்குப் புரியாமல் போகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். ஸ்பீக்கர் 15 அடி தூரத்தில் இருந்தால் போகவர ஒன்பது மீட்டர் கம்பி. அதன் தடை 0.12 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றுக்கு ஒன்றரை. ஒயரின் தடை ஸ்பீக்கருடையதில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் போதும் என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. தூரம் கூடினால் ஒயர் தடிக்க வேண்டும். நாலு ஓம் ஸ்பீக்கர் என்றால் இன்னும் கொஞ்சம் தடிக்க வேண்டும். அதற்கு மேல் வெள்ளி முலாம், வலை, பெட்டி எல்லாம் கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

"கோயில் திருவிழாவில் தெரு நெடுக நூல்போல ஒயரை இழுத்துக் குழாய் கட்டுகிறார்களே, அது மட்டும் எப்படிப் பாடுகிறது?" என்று மைக்செட் பார்த்துப் பழகியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே ஆம்ப்ளிபயர் 100 வோல்ட் லைனில் அனுப்புகிறது. குழாயின் அடியில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக் கொள்கிறது. 100 வாட்டுக்கு ஒயரில் ஓடுவது ஒரே ஆம்பியர். வீட்டுச் செட்டில் அதே 100 வாட்டுக்கு எட்டு ஓமில் மூன்றரை ஆம்பியர் ஓடும். அதே ஒயரில் வீணாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆகவே திருவிழா ஒயரைப் பார்த்து வீட்டுக்குச் சன்ன ஒயரை வெட்டிக் கொடுத்துவிடக் கூடாது.

இப்போது நம்முடைய கவலைக்கு வருகிறோம். ஆறாயிரம் ரூபாய் ஒயரால் நம் ஊரில் ஏமாறுபவர்கள் சிலர்தான். பலர் ஏமாறுவது மலிவு ஒயரால். உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. வெளியே கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் செம்பு நிறம் அழகாகத் தெரியும். தயாரிப்பவர் அதை இன்னதென்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் குற்றமில்லை. ஆனால் செம்பு என்ற பெயரில் நம் கடைக்கு வருகிறது. நாமும் தெரியாமல், சில சமயம் தெரிந்தே, செம்பு விலைக்கு விற்கிறோம். அலுமினியத்தின் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதைவிட, முனை சீக்கிரம் ஒடியும், முடுக்கிய இடம் தளரும், பாட்டு விட்டு விட்டு வரும். பழி அப்போது செட்டின் மேல் விழும், அல்லது நம் மேல்.

இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதைவிட நல்ல கருவி நம் ஒவ்வொருவர் கல்லாவுக்குப் பக்கத்திலும் இருக்கிறது: தராசு. செம்பு, அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர் பத்து மீட்டரில் செம்பு மட்டுமே கால் கிலோவைத் தாண்ட வேண்டும். மேல் பிளாஸ்டிக் தனி. பிளாஸ்டிக்கோடு சேர்த்து நிறுத்தும் கால் கிலோ வராத சுருளை, கொண்டுவந்த ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்கிற நம் மளிகைக்காரர்கள், ஒயரை மட்டும் ஏன் நிறுத்துப் பார்க்காமல் வாங்குகிறார்கள் என்பது நமக்குப் புரியவில்லை.

வீட்டு மின்சாரத்துக்கான பி.வி.சி. ஒயருக்கு ஐ.எஸ். 694 என்ற தரம் உண்டு. 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் அதை விற்கக் கூடாது. அந்த முத்திரையுள்ள இரட்டை ஒயரையே ஸ்பீக்கருக்கு வெட்டிக் கொடுத்தால் காரியம் முடிந்தது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தயாரிப்பாளர் கொடுக்காத உறுதியை விற்பவர் தாமாகவே கொடுத்து, பொருள் அப்படி இல்லாமல் போய், அதனால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்பவரே பொறுப்பாளியாக நேரிடலாம். "இதைப் போடுங்கள், சத்தம் இரண்டு மடங்கு வரும்" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் வீசுகிற வார்த்தை வெறும் வாய்ப்பேச்சோடு போய்விடும் என்று இருந்துவிடுவது நல்லதல்ல.

"நீங்கள் சொல்வதெல்லாம் சரி, மீட்டருக்கு இரண்டு ரூபாய் லாபத்தில் கடை வாடகை கட்ட முடியுமா?" என்று இளைய வணிகர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். விலை உயர்ந்த ஒயர் ஒரு ஜோடி விற்றால் ஒரு நாள் பாடு கழியும். ஆனால் அந்த விளையாட்டில் பட்டணத்துக் கடையோடும் போன் வியாபாரத்தோடும் நாம் போட்டி போட முடியாது. பெட்டியும் விளம்பரமும் அவர்களிடம்தான் அதிகம். வீட்டுக்குப் போய்ச் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிக் கொடுக்க அவர்களால் முடியாது. அந்தத் தம்பியிடம் நம் உறுப்பினர் அன்று கூலி வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்பதே நம் கருத்து. உழைப்புக்குக் கூலி கேட்பதில் கூச்சம் எதற்கு? ஆனால் பொங்கலுக்குள் அந்தத் தம்பி தன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரை அழைத்து வந்தாராம். ஒருவர் வீடு கட்டுகிறார். முழு வீட்டுக்கும் ஒயர் இந்தக் கடையிலேயே எடுத்திருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் கடையில் இருக்கும் ஒயரில் பத்து மீட்டர் வெட்டிக் கொண்டுவர வேண்டுகிறோம். தராசு சங்கத்திலேயே இருக்கிறது. போர்வையும் கொண்டு வருகிறோம்.