வினைச்சொற்கள் வாழும் பட்டறை: ஒரு நூறு சி.சி. பந்தய வண்டியை முன்வைத்து

பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' 1974இல் வெளிவந்த நூல். இலக்கிய நண்பர்கள் கூடும் மாலைகளில் அதன் பெயர் அடிபடாமல் போவது அபூர்வம். ஆனால் அந்நூலைச் சிலாகிக்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருப்போம்? வம்புக்காகக் கேட்கவில்லை. நம் தெருமுனையிலேயே ஓர் அறிவுத்துறை, ஒரு வரிகூடத் தமிழில் எழுதப்படாமல், தன் கடைசித் தலைமுறையை எட்டிவிட்டது என்ற ஆற்றாமையில் கேட்கிறேன். சிறிய மோட்டார் சைக்கிளைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் தொழிலைச் சொல்கிறேன்.

பந்தயம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நள்ளிரவில் பொதுச்சாலையில் பையன்கள் செய்யும் அடாவடியைத்தான் நம் நாளேடுகள் 'பைக் ரேஸ்' என்று எழுதுகின்றன. அது வேறு, இது வேறு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள களத்தை அமைத்தது; 1990 முதல் அங்கே வண்டிகள் ஓடுகின்றன. எங்கள் கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில், 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய களம் இருக்கிறது. இத்தகைய களங்களில் வண்டி இறங்குமுன் பரிசோதனை உண்டு. கண்ணாடி, முகப்பு விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் துளையிட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். போல்ட் கழன்று எண்ணெய் சிந்தினால் வழுக்கி விழப்போகிறவன் பின்னால் வருபவன். முன்பின் அறியாத அவனுக்காகக் கட்டப்படும் கம்பி அது.

பணமில்லாத பந்தயக்காரனின் வண்டி என்றால் நெடுங்காலம் அது யமஹா ஆர்.எக்ஸ். 100தான். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரானது. 98 சி.சி., 11 குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் கிடையா. சிலிண்டரின் சுவரிலேயே ஜன்னல் போன்ற திறப்புகள் இருக்கும், போர்ட் என்பார்கள். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும். புகை வெளியேறும் போர்ட்டின் மேல்விளிம்பை அரத்தால் அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் அது சற்று முன்னதாகத் திறக்கும். உச்ச வேகத்தில் வண்டி பாயும், ஆனால் தாழ்ந்த வேகத்தில் இழுவை போய்விடும். எவ்வளவு அராவுவது என்பது களத்தின் வளைவுகளையும் ஓட்டுகிறவனின் கையையும் பொறுத்தது. அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அராவிய பிறகு விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்க மறந்தால், பிஸ்டன் ரிங் அதில் சிக்கி உடைந்துபோகும்.

அடுத்தது ஹெட். லேத்தில் அதைச் சிறிது கடைந்தால் அழுத்தம் கூடும். பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது? பிளக் துளை வழியே ஈயக்கம்பியை விட்டு எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நசுங்கிய கம்பியின் தடிப்பே விடை.

ஆயினும் என்னை வியக்கவைப்பது பிளக் பார்க்கும் கலை. முழு வேகத்தில் போகும்போது கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே வந்து, அங்கேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் மிகை. வறுத்த காப்பிக்கொட்டையின் பழுப்பு வர வேண்டும். காலைக் குளிரில் காற்று அடர்ந்திருக்கும், பெரிய ஜெட் வேண்டும். நண்பகலில் அதையே வைத்தால் வண்டி அடைக்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் நான் போய் உட்காரும் பட்டறையின் மெக்கானிக் இதை எனக்கு ஒரு வரியில் விளக்கினார்: "வெளுத்திருந்தா வண்டி பட்டினிங்க சார், கறுத்திருந்தா தின்னது செரிக்கலீங்க."

இங்கேதான் நம் துறை சார்ந்த என் வழக்கு வருகிறது. பட்டறையில் புழங்கும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம். பிஸ்டன், ஜெட், ஹெட், சைலன்சர். தமிழாசிரியர் மனம் துணுக்குற்று உடனே கலைச்சொல் ஆக்கப் புறப்படுகிறது. சிலிண்டருக்கு உருளை என்றோம். நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், வினைச்சொற்கள் ஏறக்குறைய அத்தனையும் தமிழ். வண்டி அடைக்கிறது, ஏங்குகிறது, தட்டுகிறது, இழுக்கிறது. பிஸ்டன் கடிக்கிறது. சிலிண்டரில் கோடு விழுகிறது. கிளட்ச் வழுக்குகிறது. அடைப்பது பெட்ரோல் மிகையால், ஏங்குவது போதாமையால். மாற்றிச் சொன்னால் தவறான ஜெட் கைக்கு வரும். பாகத்தின் பெயரை எந்தக் கடைப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாகம் என்ன செய்கிறது, எப்படி நோகிறது என்ற அறிவோ இந்த வினைகளில் இருக்கிறது. நம் அகராதிகளும் கலைச்சொல் தொகுதிகளும் பெயர்களுக்குப் பின்னாலேயே ஓடி, வினைகளைக் கோட்டைவிட்டன என்பது என் துணிபு.

ஓர் எடுத்துக்காட்டு. என் முன்னாள் மாணவன் ஒருவனின் வண்டியில் பயிற்சி ஓட்டத்தின்போது அடுத்தடுத்து இரண்டு பிஸ்டன்கள் கடித்துவிட்டன. பிஸ்டன் கடித்தால் சிலிண்டரைப் போர் செய்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். இப்படி ஒரு மில்லிமீட்டர் வரை நான்கு முறை போகலாம். அதற்குமேல் ஸ்லீவையே மாற்ற வேண்டியதுதான். ஆளாளுக்கு ஜெட்டைப் பெரிதாக்கச் சொன்னார்கள். பையன் மிரண்டுபோய், "அண்ணா, இன்னும் ஒரு நம்பர் ஏத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மெக்கானிக் ஜெட்டைத் தொடவில்லை. புதிய பிஸ்டனோடு வண்டியைக் கிளப்பி, ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டார். சத்தம் உடனே தணியாமல் ஒரு கணம் மேலேயே நின்று பிறகு இறங்கியது. "எறங்க மாட்டேங்குது பாருங்க. வெளிக்காத்துக் குடிக்குது" என்றார். மேக்னெட்டோ பக்கத்து கிராங்க் ஆயில் சீலைக் கழற்றினால், அதன் ரப்பர் உதடு இறுகி விறைத்துக் கிடந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை வழியாகத்தான் கலவை மேலே போகிறது. அங்கே காற்றுக் கசிந்தால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் கடிக்கும். கோளாறு தெரிந்த இடம் மேலே, இருந்த இடம் கீழே. ஏட்டில் முன்னடியில் கிடக்கும் எழுத்துப்பிழையைக் காணாமல் பின்னடியின் பொருளோடு மல்லுக்கட்டும் உரைகாரர்களை நமக்குத் தெரியும் அல்லவா?

'வெளிக்காற்றுக் குடிக்கிறது' என்ற இந்தத் தொடரை எந்த அகராதியிலும் நான் கண்டதில்லை.

இத்தகைய அறிவு காகிதத்தில் இல்லாதபோது ஆளோடுதான் பயணம் செய்யும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர், நடுவில் பெருத்து இருபுறமும் சிறுத்த புகைக்குழாயின் வடிவத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குழாயில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிய புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அவ்வாண்டே அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி வெளியேறி, சுசூகியிடம் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசூகிக்கு. அதே சுசூகியின் கூட்டில் 1984இல் நம் ஓசூரிலிருந்து நூறு சி.சி. வண்டி வெளிவந்தது. ஓர் ஆள் எல்லை தாண்டினால் ஒரு கலை இடம்பெயரும். ஆள் போய்விட்டால்?

அந்த நிலையில்தான் இருக்கிறோம். மாசு விதிகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் தயாரிப்பு நின்றது. பந்தயங்களிலும் இன்று ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே மிகுதி. புகையைக் கண்டு நான் ஏங்கவில்லை, விதிகள் நியாயமானவையே. ஆனால் ஆங்கிலத்தில் கார்டன் ஜென்னிங்ஸின் கையேடு 1973இலும், ஏ. கிரஹாம் பெல்லின் நூல் (தொலைபேசிக்காரர் அல்லர்) 1983இலும் வந்துவிட்டன. அங்கே எஞ்சின் போனாலும் கல்வி நின்றது. நம்மிடம் வண்டியோடு கல்வியும் போகிறது. 'அதுதான் ஆங்கிலத்தில் இருக்கிறதே' என்பார் உண்டு. ஈயக்கம்பி அங்கே இருக்கலாம்; பட்டினியும் செரியாமையும் அங்கே இல்லை.

முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் அதே நான்கு நாவல்களில் பெண் பாத்திரங்களை ஆராய்ந்து ஏடு கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது கைப்பேசியில் ஒலிப்பதிவோடு ஒரு பட்டறையில் ஆறு மாதம் உட்காரவைக்கலாம் என்று துறைக்கூட்டத்தில் சொன்னேன். இதை எந்தத் தலைப்பின்கீழ்ப் பதிவது என்று ஒருவர் கேட்டார். நாட்டார் வழக்காற்றியலில் தச்சுக்கும் கொல்லுக்கும் இடம் உண்டென்றால் இதற்கும் உண்டு என்றேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

அதுவரை என் குறிப்பேட்டில் நானே எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை அறுபத்துச் சொச்சம் வினைகள் சேர்ந்திருக்கின்றன, அத்தனையும் கொங்குப் பக்கத்தவை. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் நிற்பதைச் சென்னைப் பட்டறைகளிலும் மதுரைப் பட்டறைகளிலும் என்னவென்று சொல்கிறார்கள் என்பதை அறிந்த நண்பர்கள் தெரிவித்தால் மகிழ்வேன்.