லேசர் முடி அகற்றம்: மாநிறத் தோலுக்கு ஆபத்தா? பக்கவிளைவுகள் என்ன? கிளினிக்கில் கேட்க வேண்டியது என்ன?

'6 சிட்டிங் எடுத்தால் 2 இலவசம்', 'ஃபுல் பாடி பேக்கேஜ் பாதி விலையில்', 'வலியே இல்லை, நிரந்தரத் தீர்வு'... முகூர்த்த மாதங்கள் நெருங்கினாலே இன்ஸ்டாகிராமில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு காலத்தில் பெருநகரங்களின் தோல் மருத்துவமனைகளில் மட்டும் இருந்த லேசர், இன்று சிறு நகரங்களின் பியூட்டி பார்லர் வரை வந்துவிட்டது.

ஆனால், விளம்பரத்தில் வராத ஒரு கேள்வி இருக்கிறது. 'இந்த மெஷின் என் நிறத்துக்கு ஏற்றதா?' என்பதுதான் அது. ஒருவருக்குப் பிரச்னையே இல்லாமல் முடிந்த அதே சிகிச்சை, இன்னொருவருக்குத் தீக்காயமாகவும் மாதக்கணக்கில் மறையாத கரும்புள்ளியாகவும் முடிவதற்கு, தோலின் நிறமும் அதற்கேற்ப மெஷின் செட் செய்யப்பட்டதா என்பதும்தான் முக்கியக் காரணங்கள்.

லேசர் எப்படி வேலை செய்கிறது?

முடிக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. லேசர் ஒளியை இந்த மெலனின் உறிஞ்சிக்கொள்ளும்போது அது வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் முடியின் வேர்க்காலைச் சிதைக்கிறது. குறிப்பிட்ட அலைநீளமும் கால அளவும் கொண்ட ஒளியால், சுற்றியுள்ள திசுக்களைக் கெடுக்காமல் ஓர் இலக்கை மட்டும் சூடாக்க முடியும் என்ற கோட்பாட்டை அமெரிக்க மருத்துவர்களான ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் வெளியிட்டனர். இன்றைய அழகியல் லேசர்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. முடியில் இருக்கும் அதே மெலனின்தான் தோலிலும் இருக்கிறது. வெளிர் தோலும் கறுப்பு முடியும் உள்ளவருக்கு ஒளி தோலைத் தாண்டி நேராக வேருக்குப் போய்விடும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் மேல்தோலே அந்த ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகிறது. வேருக்குப் போக வேண்டிய சூடு, வழியிலேயே தோலைச் சுடுகிறது.

நரைமுடிக்கும் செம்பட்டையான மெல்லிய பூனைமுடிக்கும் லேசர் சரியாக வேலை செய்யாததும் இதனால்தான். அவற்றில் ஒளியை உறிஞ்சும் கறுப்பு நிறமி இல்லை, அல்லது மிகக் குறைவு.

உங்கள் தோல் எந்த வகை?

தோல் மருத்துவர்கள் பயன்படுத்துவது ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் இதை உருவாக்கினார். வெயில் பட்டால் தோல் எளிதில் எரிந்து சிவக்கிறதா, அல்லது கறுக்கிறதா என்பதை வைத்து 1 முதல் 6 வரை வகை பிரிப்பார்கள். முதலில் வெள்ளைத் தோலை மனதில் வைத்தே இது உருவாக்கப்பட்டது. மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்குமான 5, 6-ம் வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன.

இந்தியர்களில் பெரும்பாலோர் 4, 5-ம் வகைகளில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 5, 6-ம் வகைத் தோலும் சகஜம். அதாவது, லேசரில் அதிக கவனம் தேவைப்படும் பிரிவில்தான் நம்மில் பலர் இருக்கிறோம்.

எந்த மெஷின் யாருக்கு?

'லேசர்' என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறையும். ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகும்.

• அலெக்ஸாண்ட்ரைட் - 755 நானோமீட்டர். வெளிர் நிறத் தோலுக்கு வேகமான, நல்ல பலன். கறுப்பான தோலில் தீக்காய ஆபத்து அதிகம்.

• டையோடு - சுமார் 800 முதல் 810 நானோமீட்டர். இந்திய கிளினிக்குகளில் பரவலாக இருப்பது இதுதான். செட்டிங் சரியாக இருந்தால் மாநிறத்துக்கும் பயன்படும்.

• என்டி யாக் - 1064 நானோமீட்டர். 5, 6-ம் வகைத் தோலுக்கு ஒப்பீட்டளவில் மிகவும் பாதுகாப்பானது. ஆனால் வலி கொஞ்சம் கூடுதல். மெல்லிய முடியில் பலன் கம்மி.

• ஐ.பி.எல். - இது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த ஒளி. விலை குறைவு என்பதால் 'லேசர்' என்ற பெயரிலேயே பல இடங்களில் விற்கப்படுகிறது. கறுப்பான தோலில் தீக்காய ஆபத்து அதிகம்.

மெஷினின் பெயர் மட்டும் போதாது. ஒளி எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதும் முக்கியம். மேல்தோல் சில மில்லி நொடிகளில் சூட்டை வெளியேற்றிவிடும். தடிமனான வேர்க்காலுக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். எனவே கறுப்பான தோலுக்கு ஒளியைக் கொஞ்சம் நிதானமாக, நீண்ட துடிப்பாகச் செலுத்தி, கூடவே தோலைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தால் மேல்தோல் தப்பிக்கும், வேர் மட்டும் சூடாகும். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் கையில் நல்ல மெஷினும் ஆபத்துதான்.

எது நார்மல், எது ஆபத்து?

சிகிச்சை முடிந்ததும் லேசான சிவப்பு, ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சிறு வீக்கம், கொஞ்சம் எரிச்சல் ஆகியவை இருக்கும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும். கறுப்பான தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நினைத்து அடுத்த ஷாட்டில் சூட்டைக் கூட்டிவிடும் அபாயமும் உண்டு.

கவலைப்பட வேண்டியவை வேறு. சிகிச்சையின்போதே தோல் சாம்பல் அல்லது வெள்ளை நிறமாவது, நேரம் ஆக ஆக எரிச்சல் கூடுவது, கொப்புளம், பொருக்கு ஆகியவை தீக்காயத்தின் அறிகுறிகள்.

தீக்காயம் ஆறிய பிறகும் கதை முடியாது. அந்த இடம் கறுத்துப்போகலாம். மாநிறத் தோலில் அதிகம் காணப்படும் பக்கவிளைவு இது. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். சிலருக்கு மாறாக, நிறமி செல்கள் பாதிக்கப்பட்டு வெள்ளைத் திட்டுகள் உண்டாகலாம். அது திரும்பிவர இன்னும் அதிக காலம் பிடிக்கும். சிலருக்கு நிலைத்தும் விடலாம். தழும்பு ஏற்படுவது அரிது.

முடி குறைவதற்குப் பதில் கூடுமா?

கூடும். கேட்பதற்கு வினோதமாக இருந்தாலும் மருத்துவ இதழ்களில் பதிவான பக்கவிளைவு இது. லேசர் பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ, முன்பு பூனைமுடியாக இருந்தவை தடித்து வளர ஆரம்பிக்கும். வேரை அழிக்கப் போதாத சூடு, தூங்கிக்கொண்டிருந்த வேர்க்கால்களைத் தூண்டிவிடுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. முகம், கழுத்துப் பகுதிகளில்தான் இது அதிகம். தெற்காசிய, மத்திய கிழக்கு நாட்டுப் பின்னணி கொண்டவர்களிடமும், ஹார்மோன் பிரச்னை உள்ள பெண்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது.

தாடை, மேலுதடு, கழுத்தில் திடீரென முடி அதிகமாகி, மாதவிலக்கும் தள்ளிப்போனால், காரணம் பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம். இதைக் கண்டறியாமல் பேக்கேஜ் மட்டும் வாங்கினால், ஒருபக்கம் லேசர் முடியைக் குறைக்க, மறுபக்கம் ஹார்மோன் புதிய முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும். இவர்கள் முதலில் போக வேண்டியது லேசர் சென்டருக்கு அல்ல, மருத்துவரிடம்.

'நிரந்தரம்' என்பது உண்மையா?

முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இதற்குப் பயன்படுத்தும் சொல் 'நிரந்தர முடிக் குறைப்பு'. அதாவது, சிகிச்சைக்குப் பிறகு வளரும் முடியின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்தே இருக்கும். மொத்தமாக ஒன்றுகூட முளைக்காது என்று அர்த்தமல்ல.

வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் தாக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் அந்தப் பருவத்தில் இருக்காது. அதனால்தான் 4 முதல் 8 வார இடைவெளியில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட சிட்டிங் தேவைப்படுகிறது. 'கல்யாணத்துக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கு, சீக்கிரம் முடிச்சுடுங்க' என்று அவசரப்படுத்தினால், சூட்டைக் கூட்டுவதில்தான் போய் முடியும்.

புற்றுநோய் வருமா?

பலருக்கும் இருக்கும் பயம் இது. லேசர் முடி அகற்றத்தில் பயன்படுவது எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அல்ல. சிவப்பு நிற ஒளியும் அகச்சிவப்பு ஒளியும்தான். புற்றுநோயையோ குழந்தையின்மையையோ உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும், போதிய ஆய்வுகள் இல்லாததால், பிரசவத்துக்குப் பிறகு செய்துகொள்ளும்படி மருத்துவர்கள் சொல்வது வழக்கம்.

உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, கண். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமலும், புருவத்துக்குக் கீழே கண்குழி ஓரத்திலும் லேசர் செய்யவே கூடாது. இரண்டு, மரத்துப்போக வைக்கும் க்ரீம். அதை உடலில் பெரிய பரப்பில் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றிவைத்தால் மருந்து ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். லேசருக்காக கால்களில் இப்படிச் செய்துகொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, எஃப்.டி.ஏ. 2007-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

கையில் பிடிப்பவர் யார்?

அமெரிக்காவில் லேசர் சிகிச்சைகள் தொடர்பான வழக்குகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாதவர்கள் சிகிச்சை அளித்த வழக்குகளின் பங்கு 2008-ல் சுமார் 36 சதவீதமாக இருந்தது, 2011-ல் சுமார் 78 சதவீதமாக உயர்ந்தது தெரியவந்தது. வழக்குகளுக்கு அதிகம் காரணமான சிகிச்சை, முடி அகற்றம்தான்.

தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டின் மருத்துவமனைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குகள் பதிவுபெற வேண்டும். ஒரு பார்லர் நடத்த வாங்கிய உரிமம், மருத்துவம் பார்ப்பதற்கான உரிமம் ஆகாது. சுவரில் மாட்டியிருக்கும் 'காஸ்மெட்டாலஜி டிப்ளமா' சான்றிதழும் தோல் மருத்துவப் பட்டமும் ஒன்றல்ல. மருத்துவரின் பதிவு எண்ணை மாநில மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இது லேசரா, ஐ.பி.எல்லா? அலைநீளம் என்ன?

2. என் தோல் எந்த வகை? அதை யார் பார்த்து முடிவு செய்தது?

3. டெஸ்ட் பேட்ச் உண்டா? சிறிய இடத்தில் சோதித்து, குறைந்தது 2 நாளாவது காத்திருக்க வேண்டும். கறுப்பான தோலில் பாதிப்பு தாமதமாகத் தெரியலாம்.

4. சிகிச்சையின்போது தோல் மருத்துவர் அங்கே இருப்பாரா?

5. பிரச்னை வந்தால் யார் பார்ப்பார்கள்? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில் சொல்லத் தயங்கினால், ஆஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் பக்கமும் சில பொறுப்புகள் உண்டு. சிகிச்சைக்கு முன் 4 வாரங்களாவது வேக்சிங், த்ரெட்டிங் வேண்டாம்; வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்கு இலக்கே இருக்காது. ஷேவ் செய்யலாம். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். முகப்பரு மாத்திரை உட்பட எடுக்கும் மருந்துகளையும், தழும்பு தடித்து வளரும் தன்மை, வெண்புள்ளி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது?

உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டவும். ஐஸை நேரடியாக வைக்க வேண்டாம். டூத் பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கறுத்த இடத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே க்ரீம் கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்; அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிவதோடு, பூசிய இடத்தில் முடியும் வளரும்.

தினமும் தேதியோடு போட்டோ எடுத்துவையுங்கள். பில், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். சேவைக் குறைபாடு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.