கல்லீரலில் ஒரு ஃபிக்சட் டெபாசிட்

நான் பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சுமுகமாக முறிந்துவிட்டது. தவளை மேல் எனக்கு விரோதம் இல்லை. தவளைக்கும் என் மேல் இருந்ததாகத் தெரியவில்லை. டெபிட், கிரெடிட் என்று நிம்மதியாக இருந்தவனை ஒரு கொசு மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தது.

வருஷம் 2011. மயிலாப்பூரில், மாட வீதிக்குக் கூப்பிடு தூரத்தில் மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் மாமா, மாமி, ஒன்பதாவது படிக்கும் பேத்தி. எனக்கு தி.நகரில் ஆபீஸ். மார்ச் மாதம் ஒரு மத்தியானம், பாண்டி பஜாரே வெயிலில் வறுபட்டுக் கொண்டிருக்க, எனக்கு மட்டும் குளிர ஆரம்பித்தது. பல் தானாக டைப் அடித்தது. ஒரு மணி நேரம் நடுக்கம், பிறகு கொதிக்கிற ஜுரம், பிறகு தொப்பலாக வியர்வை. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து காபி குடித்தேன். மறுநாள் ஆபீஸ் போனேன். அதற்கு மறுநாள் அதே வேளைக்கு மறுபடி கிடுகிடு.

"முறைக் காய்ச்சல்டா இது" என்றாள் மாமி.

"அதென்னய்யா, திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஜுரம்?" என்றார் மேனேஜர். அவர் கவலை அவருக்கு.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: மலேரியா, விவாக்ஸ் ரகம். இந்தக் கிருமி ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, குட்டி போட்டு, 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாம் ஒரே சமயத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருமாம். அந்த ரிலீஸ் தினத்தில்தான் நமக்கு நடுக்கம். பங்ச்சுவாலிட்டியில் எங்கள் ஆபீஸில் அதற்கு ஈடாக ஒருத்தரும் கிடையாது.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். குளோரோகுயின் 3 நாள். பிரைமாகுயின் 14 நாள். "பதினாலு நாளும் சாப்பிடணும். புரியறதா?" என்றார். புரிந்தது. மூன்றாம் நாள் ஜுரம் ஓடிப்போச்சு. நாலாம் நாள் சரவணபவன் பொங்கல் இறங்கியது. ஐந்தாம் நாள் மாத்திரை அட்டையை எங்கேயோ வைத்தேன். எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஜுரமே இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு? நல்லாத்தானே இருக்கேன்!

ஆகஸ்ட் கடைசியில் பல் மறுபடி டைப் அடித்தது. 'சாதா ஃப்ளூ' என்று எனக்கு நானே டாக்டராகி, நாலு நாள் கஞ்சி குடித்துவிட்டு அப்புறம் போனேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, பழைய சீட்டைப் பார்த்தார்.

"பிரைமாகுயின் எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"கிட்டத்தட்ட..."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப உங்க பாஷையிலயே சொல்றேன். முதல் 3 நாள் மாத்திரை, ரத்தத்துல இருக்கிற கிருமியைக் கொல்லும். அது கரண்ட் அக்கவுண்ட். ஆனா விவாக்ஸ் கொஞ்சத்தைக் கல்லீரல்ல தூங்க வெச்சிருக்கும். ஃபிக்சட் டெபாசிட். மாசக்கணக்கில் சத்தமில்லாம இருந்து, ஒரு நாள் மெச்சூர் ஆகி, வட்டியோட ரத்தத்துக்கு வரும். அதைக் க்ளோஸ் பண்ணத்தான் அந்த 14 நாள்."

இந்தத் தடவை 14 நாளும் விழுங்கினேன். கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

* * *

செப்டம்பர் கடைசி வாரம். கீழே பேத்திக்குக் காலாண்டுப் பரீட்சை. சயின்ஸ் அன்று காலை, ஹால் டிக்கெட் மாதிரி போர்வையைப் பிடித்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கினாள். விவாக்ஸ். அவள் முந்தின ராத்திரி உட்கார்ந்து நெட்டுருப் போட்ட பாடம் நுண்ணுயிரிகள். அந்த நுண்ணுயிரி புத்தகத்திலிருந்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டது.

இரண்டு நாளில் கார்ப்பரேஷன் கொசு ஒழிப்பு ஊழியர் டார்ச்சோடு வந்தார். மாமா அவரை வாசலிலேயே நிறுத்தி முழங்கினார். "முதல்ல அந்த பக்கிங்காம் கால்வாயைச் சுத்தம் பண்ணுங்கப்பா! அடையாறு, கூவம்னு ஊர் முழுக்கச் சாக்கடை. கொசு வராம குயிலா வரும்?"

நானும் ஆமாம் போட்டேன். சர்க்காரைத் திட்டும்போது ஓனருக்கும் குடித்தனக்காரனுக்கும் அபார ஒற்றுமை வந்துவிடும்.

ஊழியர் சிரித்தார். "சாக்கடைக் கொசு கியூலெக்ஸ் சார். ராத்திரி காதுல வீணை வாசிக்கும், கடிக்கும், யானைக்கால் வேணா கொடுக்கும். மலேரியா அதுக்கு வராது. மலேரியாவுக்கு அனாபிலஸ், டெங்குவுக்கு ஏடிஸ். ரெண்டு பேரும் சுத்தக்காரங்க. நல்ல தண்ணிதான் வேணும். மாடிக்குப் போலாமா?"

என் வயிற்றில் எதுவோ புரண்டது. விஷயம் என்னவென்றால், ஜூன் மாதம் ஒரு ராத்திரி, மோட்டார் போட்டு டேங்க் ரொம்பிச்சா என்று பார்க்க மூடியைத் தூக்கியது நான். கனமான சிமெண்ட் மூடி. 'காலையில் போட்டுக்கலாம்' என்று ஓரமாகச் சாய்த்துவிட்டு இறங்கியவனும் நான்தான்.

மூடி அங்கேயே சாய்ந்திருந்தது. ஊழியர் டேங்குக்குள் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை விட்டு மொண்டு என்னிடம் காட்டினார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மேலே சின்னச் சின்ன நூல் துண்டுகள், தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக்கொண்டிருந்தன. தொட்டால் துள்ளின. "படுத்தாப்பல இருந்தா அனாபிலஸ் புழு. தலைகீழாத் தொங்கினா மத்தது" என்றார். இந்த ஊர்க்காரக் கொசுவின் முழுப் பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்ஸி. வயற்காட்டை விட்டு, நகரத்துக் கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் பிடித்துக்கொண்ட ஜாதி. முட்டையிலிருந்து இறக்கை முளைக்கச் சுமார் 10 நாள். அதனால்தான் வாரம் ஒரு தடவை பாத்திரங்களைக் காலி பண்ணித் தேய்த்துக் கவிழ்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. தண்ணீர் இல்லாத வருஷத்தில் கொசு இருக்காது என்றுதானே நினைப்போம்? ஏரி வறண்டால்தான் நாம் டிரம், குடம், அண்டா என்று வீடு முழுக்கச் சேமிக்கிறோம். 2019 கோடையில் சோழவரமும் செம்பரம்பாக்கமும் காய்ந்தபோது சென்னையில் எத்தனை வீட்டில் எத்தனை பிளாஸ்டிக் குடம்! குளத்தில் புழுவைத் தின்ன மீன் உண்டு, தட்டான் பூச்சியின் குஞ்சு உண்டு. குடத்தில் யார் இருக்கிறார்கள்? மாமா வீட்டுக் கிணற்றில் கம்பூசியா மீன் விட்டுப் போனார் ஊழியர். "ஏரி குளத்துல விட்டுடாதீங்க. நம்ம ஊர் மீன் முட்டையைத் தின்னுரும்" என்றும் சொன்னார். உயிரியலில் நல்லவன் கெட்டவன் எல்லாம் இடத்தைப் பொறுத்துத்தான் போலிருக்கிறது.

ரொனால்ட் ராஸ் துரை 1883-ல் பெங்களூரில் இருந்தபோது, தன் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசு பெருகுவதைக் கண்டு அதைக் காலி செய்தார், கொசு குறைந்தது. அப்புறம் 14 வருஷம் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அதற்காகக் கடி வாங்கிய நோயாளி ஹுசைன் கானுக்குக் கூலி, கொசு ஒன்றுக்கு ஓரணா. ராஸுக்கு 1902-ல் நோபல். நியாயமான பங்கீடு இல்லைதான்.

முடியாத காரியமும் இல்லை. பக்கத்திலேயே இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று சர்டிபிகேட் வாங்கியது. அதே டிசம்பரில் நம் ஸ்டீபன்ஸி மன்னாரில் போய் இறங்கிவிட்டது. 2012-லேயே ஆப்பிரிக்காவில் ஜிபூத்தி வரை போய்விட்ட கொசு அது. பாஸ்போர்ட் கேட்பார் இல்லை.

* * *

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ராத்திரி உட்கார்ந்து பேரேடு போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் என் ரத்தத்தில் கிருமி. டாக்டரிடம் போகாமல் நாலு ராத்திரி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். டேங்க் கொசு ஒன்று குடித்திருக்கும். அதன் உடம்பில் கிருமி முற்ற 12 நாள் மாதிரி. பிறகு கீழே விளக்குப் போட்டுப் படிக்கும் பெண்ணை ஒரு கடி. அவள் உடம்பில் இன்னொரு இரண்டு வாரம். செப்டம்பர் கடைசி. கணக்கு டேலி ஆகிவிட்டது. டபுள் என்ட்ரியில் ஒருவன் பற்று இன்னொருவன் வரவு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கொசுவை உதாரணம் காட்டவில்லை.

நிச்சயமாக என் கிருமிதானா என்று ஊழியரை நைசாகக் கேட்டேன். "கொசு ரசீது குடுக்குமா சார்?" என்றார்.

ஆனால் அந்தப் பெண் பாடம் படித்தவள். ஜுரம் தணிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, "அங்கிள், நீங்க மார்ச்ல பதினாலு நாளும் மாத்திரை சாப்ட்டீங்கதானே?" என்றாள். சந்தேகமெல்லாம் இல்லை. சும்மா கேட்டாள். நோட்டில் 14 கட்டம் போட்டு, தினம் ஒன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள். ஏழு ஆகியிருந்தது.

"ம்... சாப்ட்டேனே" என்றேன்.

அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாடிக்குப் போய் டேங்க் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். "இவனுக்கு டேங்க் மேல என்னடி இவ்வளவு பக்தி?" என்று மாமா மாமியைக் கேட்பது எனக்குக் காதில் விழும். மூடியைச் சொல்லவில்லை. மாத்திரையைச் சொல்லவில்லை. பேத்தி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மாமி மட்டும் இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பாள்.

மாமி, அந்த 14-ல் 9 பாக்கி. மன்னித்துவிடுங்கள்.

இந்த வாரம் முழுக்க நான் ஊரில் இல்லை.