தபால் வராத தீவு

தபால்காரர் ஒரு நாள் தாமதித்துவிட்டால் நம் வீடுகளில் எத்தனை முணுமுணுப்பு எழுகிறது! கேட்ட சாமான் இரண்டு நாள் கழித்து வந்தால் நமக்குப் பொறுப்பதில்லை. அப்படிப் பொறுமை இழக்கும் நேயர்களுக்கு இவ்வாரம் ஒரு தீவின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால் சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே செயின்ட் கில்டா என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் ஹிர்ட்டா என்னும் தீவில் பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் வாழ்ந்து வந்தார்கள். செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளைப் பிடிப்பதும், ஆடு வளர்ப்பதுமே அவர்களுடைய ஜீவனம். கோடைக்காலத்தில் நிலச் சொந்தக்காரரின் காரியஸ்தர் படகில் வருவார். இறகு, எண்ணெய், கம்பளி ஆகியவற்றைக் குத்தகையாகப் பெற்றுக்கொண்டு, உப்பு முதலிய சாமான்களை இறக்கிவிட்டுப் போவார். குளிர்காலம் வந்துவிட்டாலோ, அலைகள் எவரையும் கரையேற விடா.

1877ஆம் ஆண்டில் ஜான் ஸாண்ட்ஸ் என்னும் பத்திரிகையாளர் அங்கே அகப்பட்டுக் கொண்டார். சேதமடைந்த ஆஸ்திரியக் கப்பல் ஒன்றின் மாலுமிகளும் கரை சேர்ந்திருந்தபடியால் உணவு போதவில்லை. அவர் அக்கப்பலின் மிதவையில் ஒரு செய்தியைக் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பது நாளில் அது ஆர்க்னித் தீவில் ஒதுங்கியது. அதுமுதல் தீவினரும் இந்த உபாயத்தைக் கைக்கொண்டார்கள். மரக்கட்டையைப் படகு போலக் குடைந்து, உள்ளே கடிதத்தையும் தபால் செலவுக்கு ஒரு பென்னியையும் வைத்து, காற்றடைத்த பை ஒன்றைக் கட்டி மிதக்க விட்டார்கள். காற்று அனுகூலமாயிருந்தால் அது ஸ்காட்லாந்துக் கரையை அடையும். இல்லையேல் நார்வேக்குப் போய்விடும்!

முதல் மகாயுத்தத்தின்போது கடற்படையினர் அங்கே ஒரு நிலையம் அமைத்தனர். அவர்களுக்காக வந்த கப்பல்களில் தீவினருக்கும் தபாலும் உணவும் ஒழுங்காக வந்தன. யுத்தம் முடிந்தது, கடற்படை போய்விட்டது, கப்பல்களும் நின்றன. ஒருமுறை ருசி கண்ட சௌகரியத்தை மறப்பது யாருக்கும் எளிதல்லவே! வாலிபர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். பாறையில் இறங்கவும் படகு வலிக்கவும் ஆளில்லை. நோயும் பசியும் வேறு வாட்டின. தங்களை அழைத்துச் செல்லும்படி எஞ்சியவர்களே சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறினர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில் பைபிளும், ஒரு பிடி ஓட்ஸ் தானியமும் இருந்தன.

இது பழங்கதைதானே என்று நேயர்கள் எண்ணலாம். இன்றும் ஸ்காட்லாந்துத் தீவுகளில் இவ்வழக்கு தீரவில்லை. 1840ஆம் ஆண்டில் பிரிட்டனில், தூரம் எதுவாயினும் கடிதத்துக்கு ஒரே கட்டணம் என்ற விதி வந்தது. அரசாங்க விதியின் கீழ் நடக்கும் பொதுத் தபாலில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் சாமான் கொண்டுவரும் தனியார் கம்பெனிகளில் சில, தீவு என்றதும் கூடுதல் கட்டணம் கேட்கின்றன. சில வரவே மறுக்கின்றன. 1995ஆம் ஆண்டிலேயே பாலம் கட்டி நிலத்தோடு இணைத்துவிட்ட ஸ்கை தீவினருக்கும் இந்த மனக்குறை உண்டு.

தொலைதூரத்துக்குச் செலவு அதிகம் என்பது மெய்தான். அச்செலவைக் கோடிப் பேர் பங்கிட்டுக் கொண்டால் யாருக்கும் பாரம் தெரியாது. ஒரு சிலர் தலையில் சுமத்தினாலோ, அவர்கள் ஊரையே விட்டுப் போவார்கள். கடைக்கோடியில் இருப்பவனையும் தன் குடும்பத்தில் ஒருவனாக எண்ணுவதே ஒரு தேசத்துக்கு அழகு என்பது நமது கருத்து. தீவினர் விட்டுச் சென்ற ஹிர்ட்டாவைக் காணப் பிரயாணிகள் இன்று கோடைதோறும் படகில் போகிறார்கள். அந்தப் படகு அன்றே ஒழுங்காகப் போயிருந்தால்!