ஊர்வை அளக்கும் பொறுமை

முல்லைத்தீவின் கொக்கிளாய்க்குத் தெற்கே, புல்மோட்டைக் கரையிற் கருமணலாய்க் கிடக்கும் இல்மனைற்று, டைட்டேனியத்தின் தாதுவாகும். அவ்வுலோகமும் அலுமினியமும் அணுவுக்கு அணு ஒழுங்குற இணைந்து பிறக்கும் டைட்டேனியம் அலுமினைட்டு, நிக்கற் கலப்புலோகத்தின் ஏறத்தாழப் பாதி எடையே கொண்டு, இன்று சில விமான இயந்திரங்களின் பின்வரிசைச் சுழலி அலகுகளாய்ப் பணிபுரிகின்றது. ஆயினும் கடும் வெப்பத்தில், தாங்கக்கூடிய பாரத்திற்கும் உலோகம் நாளடைவில் மெல்ல மெல்ல நீண்டுகொடுக்கும். ஊர்வு எனப்படும் இத்தளர்ச்சியை அணுக்களின் ஒழுங்கமைவே பெரிதும் தாமதப்படுத்துகின்றது. இதனை அளப்பதற்கு உலையும், நெம்புகோலில் தொங்கும் நிறையும், ஆயிரக்கணக்கான மணிநேரப் பொறுமையுமே பிரதானம். கிளிநொச்சி அறிவியல்நகரில் விளங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் இவ்வாராய்ச்சி செழித்தோங்க வேண்டுமென்பதே என் அபிப்பிராயம். மணலை மணலாகவே கப்பலேற்றும் தேசம், அதன் சூட்சுமத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பியாவிடின், செல்வத்தின்மேல் நின்றுகொண்டே வறுமையுறும்.